அமெரிக்க அதிபர் பெயருள்ள பழைய பத்திரமெல்லாம் அதிபரே கையெழுத்திட்டதா?

"1800-களின் அமெரிக்க அரசுப் பத்திரத்தில் அதிபர் பெயர் இருந்தால், அது அவர் கைப்படப் போட்ட கையெழுத்துதான், பல லட்சம் பெறும்" என்று ஒரு பகிர்வு சுற்றிவருகிறது. இது தவறு.

1833 மார்ச் 2-இல் வந்த சட்டம், அதிபர் சார்பில் நில உரிமைப் பத்திரங்களில் கையெழுத்திட ஒரு செயலாளரை நியமிக்க அனுமதித்தது. ஆண்ட்ரூ ஜாக்சனுக்காக அவருடைய மனைவியின் சகோதரர் மகன் டொனல்சன் கையெழுத்திட்டார். அடுத்து வந்த வான் பியூரனுக்காக அவர் மகனும் அப்படிச் செய்தார். பத்திரத்தின் அடியைப் பாருங்கள்: அதிபர் பெயருக்குக் கீழே, இன்னார் மூலம், செயலாளர் என்று எழுதியிருக்கும். அதிபரின் பெயரையும் அந்தச் செயலாளரே எழுதியிருப்பார். ஆக, லிங்கன் பெயருள்ள நிலப் பத்திரத்திலும் லிங்கன் கைபட்டிருக்காது.

நியமனப் பத்திரங்களின் கதை வேறு. ராணுவ அதிகாரிகளுக்கான ஆணைகளில் லிங்கன் தானே கையெழுத்திட்டார். பெரும்பாலும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனின் கையெழுத்தும் கூடவே இருக்கும். கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்று சுருக்கியவர், இந்த ஆணைகளில் முழுப்பெயரை எழுதினார். சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடிப்போவது இதனால்தான். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு வந்துவிட்டால், கையெழுத்திடும் இயந்திரமான ஆட்டோபென்னையும் மனதில் வைக்க வேண்டும்.

அமெரிக்க நில மேலாண்மை அமைப்பின் இணையதளத்தில் லட்சக்கணக்கான நிலப் பத்திரங்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தத் தகவலை நம்பி யாராவது பணத்தைக் கொட்டிவிடக் கூடாது. தயவுசெய்து மேற்கொண்டு பகிர வேண்டாம், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.