நேரம் குறைந்தால் மட்டும் ஜெயித்ததாகாது
கால் மைல் டிராக் ரேஸ் முடிந்து கொடுத்த நேரச் சீட்டை (ஸ்லிப்) போட்டிருக்கிறீர்கள்: உங்கள் காமாரோ கார் 12.80 நொடி, பக்கத்து மஸ்டாங் கார் 12.90. ஆனாலும் மஸ்டாங்காரரை ஜெயிக்க வைத்தது டைமிங் மோசடி என்கிறீர்கள். மோசடி இல்லை. கால் மைல் கடிகாரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்காது. முன்சக்கரம் தொடக்கக் கோட்டிலுள்ள ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். அதற்கு முன் நீங்கள் தூங்கிய நேரம் அதில் சேராது. நீங்கள் போட்ட ஸ்லிப்பிலேயே பாருங்கள்: ரியாக்‌ஷன் (பச்சை எரிந்ததிலிருந்து கார் நகரும் வரையான நேரம்) உங்களுக்கு 0.250, அவருக்கு 0.050. கூட்டினால் 13.05, 12.95. கோட்டை முதலில் தொட்டது அவர்தான். இப்படி முந்திக் கிளம்பி ஜெயிப்பதற்கு ஹோல்ஷாட் என்றே பெயர் உண்டு. (எத்தனை நொடியில் ஓடுவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதாவது டயல்-இன் வைத்து, ஓடும் பிராக்கெட் ரேஸ் கணக்கு வேறு, அதை விடுங்கள்.) நானும் பச்சைக்காகக் காத்திருந்து தோற்றவன்தான். பச்சைக்கு முந்தைய கடைசி மஞ்சள் விளக்கு மினுங்கியதுமே கிளம்பிப் பாருங்கள், கார் நகர்வதற்குள் பச்சை வந்துவிடும்.