லா ஹார்ப்பில் வந்து இறங்கிய ஐம்பது கமாரோக்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அமெரிக்கப் பழைய கார் ஏலக் காணொளிகள் பார்ப்பது எனக்குச் சில வருடப் பழக்கம். வாங்கப்போவதில்லை, நிறுத்த இடமும் இல்லை. பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஏலம் விடுகிறவர் வண்டியைச் செய்த கம்பெனியைவிட, அதை விற்ற கடையின் பெயரைத்தான் அழுத்திச் சொல்கிறார். 'யென்கோ கமாரோ', 'டாஸ்கா மஸ்டாங்', 'மிஸ்டர் நார்ம் டார்ட்'. கமாரோ, மஸ்டாங், டார்ட் எல்லாம் கார் மாடல்கள். முன்னால் ஒட்டியிருப்பவை ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு முன்னால் தங்கள் ஊரில் கார் விற்றுப் பிழைத்தவர்களின் பெயர்கள். அந்தப் பெயர் ஒட்டியிருந்தால் விலை எங்கோ போகிறது. சரி, அந்தக் கடைகள் என்ன ஆயின என்றால், கேட்க நாதியில்லை.

இந்த வண்டிகளை மசில் கார் என்பார்கள். பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைப்பது. 1964 மாடல் பான்டியாக் ஜிடிஓவிலிருந்து கணக்குத் தொடங்குவார்கள். சொல்வதெல்லாம் அமெரிக்கக் கார் கம்பெனிகளின் தலைநகரான டெட்ராய்ட் எஞ்சினியர்களின் கதையாக இருக்கும். என் கட்சி வேறு. டெட்ராய்ட் தயங்கி நின்ற இடங்களில் வேலையை முடித்தது டீலர் கடையின் பின்பக்க ஒர்க்‌ஷாப்தான்.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் கேனன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் செவர்லே டீலர் டான் யென்கோ. குடும்பத் தொழில் அது, ஆனால் ஆள் ரேஸ் ஓட்டுநரும்கூட. அப்போது செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு. கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் பெரிய உருவக் கார்களையும் விட்டால் மற்றவற்றில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. யென்கோ புதுக் கமாரோவின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கார்வெட்டின் 427 கன அங்குல எஞ்சினை இறக்கி விற்றார். ஏழு லிட்டர்! ஒன்பது மாருதி 800 எஞ்சின்களை ஒன்றாகக் கட்டிய மாதிரி. பிறகு இந்தக் கழற்றி மாட்டும் வேலையே வேண்டாமென்று, 1969 மாடலுக்கு அந்த எஞ்சினோடு தொழிற்சாலையிலிருந்தே வரவழைத்தார். அதற்குப் பிடித்த வழியைத்தான் நான் ரசிக்கிறேன். டாக்சி கம்பெனிகளும் போலீஸ்காரர்களும் மொத்தமாக வண்டி எடுக்கும்போது தனி நிறம், தனி பாகங்கள் கேட்பதற்காகச் செவர்லேயில் 'கோப்போ' என்றொரு ஆர்டர் முறை இருந்தது. டாக்சிக்கு வைத்த வாசல் வழியாக ரேஸ் எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். அப்படி வந்தவை சுமார் 200 கமாரோக்கள்.

அதே வாசலில் நுழைந்து கையைச் சுட்டுக்கொண்டவர் ஃபிரெட் கிப். இல்லினாய் மாநிலத்து லா ஹார்ப் ஊர்க்காரர். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம், சுற்றிலும் வயல். அவருக்கு முழு அலுமினியத்தில் செய்த ஜெட்எல்1 என்ற 427 எஞ்சின் மேல் ஆசை. டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயத்தின் விதிப்படி அந்த வகுப்பில் வண்டி ஓட வேண்டுமானால் குறைந்தது ஐம்பதாவது செய்திருக்க வேண்டும். சரி, ஐம்பதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஆர்டர் போட்டுவிட்டார். வண்டிகள் வந்தன. கூடவே விலைச் சீட்டும் வந்தது. எஞ்சினுக்கு மட்டும் நாலாயிரம் டாலருக்கு மேல், வண்டி மொத்தம் சுமார் 7,200. சாதாரண வி8 கமாரோ மூவாயிரத்துக்குள் கிடைத்த காலம். அந்த ஊரில் அந்த விலைக்கு ஐம்பது பேரை எங்கே தேடுவது? கடைசியில் 37 வண்டிகளைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டு வேறு டீலர்களிடம் பிரித்துக் கொடுத்தது. மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து மொத்தமே 69 செய்தார்கள். சில வண்டிகள் வருடக்கணக்கில் விற்காமல் நின்றன. இன்று அதில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர். அன்று கிப் பட்ட பாட்டை யார் நினைக்கிறார்கள்?

ரோட் ஐலண்டின் பாப் டாஸ்கா ஃபோர்டு டீலர். 1967 மஸ்டாங் ஜிடி போட்டியாளர்களிடம் தோற்கிறது என்று அவருக்கு மகா எரிச்சல். அவருடைய மெக்கானிக்குகள் போலீஸ் காருக்கான 428 எஞ்சினை எடுத்து, ஃபோர்டின் மற்ற பாகங்களைச் சேர்த்து ஒரு மஸ்டாங்கில் வைத்தார்கள். ஒரு கார் பத்திரிகை அதைப் போட்டு, இப்படி ஒரு வண்டி வேண்டுமா என்று வாசகர்களைக் கேட்க, பதில்கள் ஃபோர்டு அலுவலகத்தில் குவிந்தன. 1968-இல் ஃபோர்டே 428 கோப்ரா ஜெட் எஞ்சினைக் கொண்டுவந்தது. சிகாகோவின் டாட்ஜ் டீலர் மிஸ்டர் நார்ம் கதையும் இதே ஜாதிதான். டார்ட்டில் 383 எஞ்சின் நுழையாது என்று டாட்ஜ் சொன்னதை அவருடைய ஒர்க்‌ஷாப் நுழைத்தே காட்டியது. அதே சிகாகோவில் நிக்கி செவர்லே பெயர்ப்பலகையில் 'கே' எழுத்தைத் தலைகீழாக்கி, சாரி, இடவலம் மாற்றி எழுதியிருப்பார்கள். வேண்டுமென்றே செய்தது. நம்மூர்க் கடைக்காரர்களுக்கும் பிடித்திருக்கும்.

இன்ஷூரன்ஸ் பிரீமியம் எகிறியது, 1970-இல் காற்று மாசுச் சட்டம் வந்தது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி. மசில் காரின் கதை முடிந்தது. கிப் 1984-இல் கடையை மூடினார். டான் யென்கோ 1987-இல் விமான விபத்தில் இறந்தார். 2009-இல் டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லர் ஒரே வீச்சில் 789 டீலர்களை நீக்கியது.

கடை மூடும்போது அதன் ஃபைல்கள் குப்பைக்குப் போகின்றன. வண்டி அசல்தானா என்று நிரூபிக்க வேறு வழி தேட வேண்டும். ஃபோர்டில் 1967 மாடலிலிருந்து வந்த வண்டி என்றால் எந்த டீலருக்குப் போனது என்று இன்றும் பதிவு எடுக்கலாம். பான்டியாக்கின் பழைய இன்வாய்ஸ்களும் கிடைக்கின்றன. செவர்லேக்குத்தான் பெரும்பாலும் நாதியில்லை. சீட்டின் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க் மேலோ தொழிற்சாலைக்காரர்கள் விட்டுப்போன, வண்டியில் என்னென்ன பாகம் என்று குறித்த தாளை, எலி கடித்தது போக மிச்சத்தைத் தேடுகிறார்கள். அல்லது வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டிவந்த சின்ன உலோகத் தகடு. அதில் எஞ்சின், கியர்பாக்ஸ் குறியீடுகள் மேடாக அச்சாகியிருக்கும். முதல் உரிமையாளரின் பெயரை டீலர் கடையில் ஒரு பட்டையில் அடித்து அதில் ஒட்டித் தருவார்கள். சர்வீஸுக்குப் போனால் மெக்கானிக் பில்லில் வைத்து ஒத்தி எடுத்துக்கொள்வார். இப்போது அந்தத் தகட்டையே போலியாகச் செய்கிறார்கள். விலை அதில்தானே இருக்கிறது.

என் புகார் இதுதான். இவ்வளவு தேடலும் வண்டியின் எண்ணோடு நின்றுவிடுகிறது. 427-ஐ இறக்கியவர் கைகள் யாருடையவை, அவருக்கு வாரச் சம்பளம் எவ்வளவு, அந்தக் கட்டடத்தில் இன்று என்ன நடக்கிறது? ஏலப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை. பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருநாள் கேனன்ஸ்பர்க்கையும் எட்டிப் பாருங்கள், அதிக தூரமில்லை. மற்றவர்கள் உங்கள் ஊர் நூலகத்தில் 1965 முதல் 1972 வரையிலான உயர்நிலைப்பள்ளி ஆண்டு மலர்களைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். உள்ளூர்க் கார்க்கடை விளம்பரம் இருக்கும். போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள், தெரு முகவரி தெரியும்படி.