அந்தக் கேக்கை நான் ஏன் வெட்டவில்லை

சனிக்கிழமை இரவு நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குத் தம்பி போட்ட புகைப்படம் தெரிவித்திருக்கும். எங்கள் ஜப்பானியப் பேஸ்பால் அணியான ஹன்ஷின் டைகர்ஸின் நிறத்தில், மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட கேக் முன்னால் இருக்கிறது. பின்னால், வாசலில் குனிந்து செருப்பு அலமாரியில் காலணி தேடுகிற முதுகு என்னுடையது. 'கேக்குக்குப் பயந்து ஓடிய முதல் தமிழர்' என்று தலைப்பு. இதை எழுதும்போது 94 பேர் சிரித்திருக்கிறார்கள். ஆமாம், எண்ணினேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் ஓடவில்லை. "தம்பி, இதை உள்ளே எடுத்து வை, செப்டம்பரில் பார்ப்போம்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். "கிரீம் கேக்கைச் செப்டம்பர் வரைக்குமா அண்ணா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் எழுந்தேன். நடந்துதான் போனேன்.

கேக்கின் மேல் சாக்லேட்டில் தமிழில் ஒரு வார்த்தையும், அதன் கீழ் 2025 என்றும் எழுதியிருந்தது. சீசனை முதலிடத்தில் முடித்தவர்களுக்கு மட்டுமே உரிய அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே புரியும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஆகஸ்டில் கொண்டாடாதீர்கள். மற்ற எந்த அணிக்கு வேண்டுமானாலும் கொண்டாடுங்கள். ஹன்ஷின் டைகர்ஸுக்கு, ஆகஸ்டில், கூடாது. (அணியின் பெயரைத் தமிழில் பெயர்த்து எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒருமுறை எழுதினேன். கருத்துப் பெட்டி பேஸ்பாலை விட்டு எங்கெங்கோ போய்விட்டது. போதும்.)

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக. இது ஐபிஎல் மாதிரி இரண்டு மாதத்துத் திருவிழா அல்ல. மார்ச் கடைசியில் தொடங்கி, திங்கள் மட்டும் விடுப்பு விட்டு, ஏறக்குறைய தினமும் ஒன்று என்று 143 ஆட்டங்கள். இந்த 2025ஆம் ஆண்டில் நாங்கள் முதலிடத்தில் இருக்கிறோம். இரண்டாவது அணிக்கும் எங்களுக்கும் நல்ல தூரம். ஒரு கட்டத்தில் எங்கள் லீகில் மற்ற ஐந்து அணிகளுக்குமே தோல்விகள் வெற்றிகளைவிட அதிகமாக இருந்தன. எங்கள் மட்டையாளர் சாட்டோ தெருவாக்கி அடித்துத் தள்ளுகிறார். பந்துவீச்சாளர் இஷீ தைச்சி ஓட்டம் கொடுத்து மாதங்களாகிவிட்டன. எல்லாம் எனக்கும் தெரியும். உங்கள் 94 பேரையும்விட நன்றாகத் தெரியும்.

ஆனால் முப்பது ஆட்டங்கள் வரை பாக்கி இருக்கின்றன. அதுவும் இது ஆகஸ்ட்.

ஆகஸ்டில் எங்களுக்குச் சொந்த மைதானமே கிடையாது. பள்ளி மாணவர்களின் கோடைக்காலப் போட்டிக்காகக் கோஷியென் மைதானத்தைக் காலி செய்துகொடுத்துவிட்டு, அணி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'மரணப் பயணம்'. பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒரு பெரிய அணியைத் துரத்திவிடுகிறார்களே என்று போன வாரம் ஒருவர் கேலி செய்திருந்தார். ஐயா, மைதானம் 1924 ஆகஸ்டில் திறந்ததே அந்தப் பையன்களின் போட்டியை மனத்தில் வைத்துத்தான். டைகர்ஸ் அணி பிறந்தது 1935 கடைசியில். வீட்டுக்காரர்கள் அவர்கள், குடக்கூலிக்கு வந்தவர்கள் நாங்கள். தோற்ற அணியின் பையன்கள் மண்டியிட்டு அந்தக் கறுப்பு மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு அழுதபடி போவதைப் பார்த்த எவனும் அந்த மூன்று வாரத்தைக் குறை சொல்லமாட்டான். நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஆகஸ்டில் சில ஆட்டங்களை ஒசாகாவிலேயே, குளிர்சாதன வசதியுள்ள கியோசெரா டோமில் ஆடுகிறார்களே, என்ன மரணம், என்ன பயணம் என்று ஒரு கேள்வி. சரி, ஒப்புக்கொள்கிறேன். பழைய காலத்து ரயில் பயணமும் வெயிலும் இப்போது இல்லை. அடுத்தது.

2008.

இந்த எண்ணைச் சொன்னாலே, கோஷியெனுக்குப் பக்கத்து ஊரான அமாகசாகியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் ஜப்பானுக்கு வந்த இரண்டாவது ஆண்டு அது. ஜூலைத் தொடக்கத்தில் யோமியூரி ஜயன்ட்ஸைவிட 13 ஆட்டங்கள் முன்னால் இருந்தோம். ஜூலை 22 அன்றே மேஜிக் எண் 46 என்று விளக்கு எரிந்துவிட்டது. இன்னும் இத்தனை வென்றால் போதும், எதிரி என்ன செய்தாலும் எட்ட முடியாது என்கிற கணக்கு அது. ஜூலையிலேயே அந்தக் கணக்குத் தொடங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஆகஸ்ட் வந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு எங்கள் அணியிலிருந்து அராய், யானோ, ஃபுஜிகாவா கியூஜி மூவரும் போனார்கள். அராய் கீழ்முதுகெலும்பு முறிவோடு திரும்பிவந்தார். செப்டம்பரில் ஜயன்ட்ஸ் தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றது. அந்தச் செப்டம்பரில்தான் ஒரு பதிப்பகம், இனி என்ன சந்தேகம் என்று டைகர்ஸ் வெற்றிச் சிறப்பிதழ் ஒன்றை அச்சடித்துக் கடைக்கு அனுப்பியது.

தம்பி, உன்னுடைய கேக்கைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அந்தச் சிறப்பிதழ்தான். இன்றுவரைக்கும் அதன் அட்டையைப் போட்டுத்தான் மற்ற அணியின் ரசிகர்கள் எங்களைக் கிண்டல் செய்கிறார்கள்.

அக்டோபர் 10 அன்று ஜயன்ட்ஸ் பட்டத்தை எடுத்துக்கொண்டது. கடைசிக் கணக்கில் வித்தியாசம் இரண்டே ஆட்டங்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை நான் படித்தது தமிழ்ப் பாடத்தில், புரிந்துகொண்டது அன்று. அதோடும் விடவில்லை. பத்து நாள் கழித்து, அடுத்த சுற்றின் கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் பூஜ்யம். சுனிச்சி அணியின் வுட்ஸ், ஃபுஜிகாவாவின் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். எங்கள் பயிற்சியாளர் ஒக்காடா அதோடு வீட்டுக்குப் போனார்.

அந்தப் பந்தை வீசிய ஃபுஜிகாவாதான் இன்றைக்கு எங்கள் அணியின் பயிற்சியாளர். அவர் ஆகஸ்டில் கேக் வெட்டுவார் என்று நினைக்கிறீர்களா?

அந்த ஆண்டு நான் இருந்தது அமாகசாகியில், ஒரு கடைவீதியின் பின்புறம், ஆறு பாய் அறையில். தொலைக்காட்சி கிடையாது. கீழே ஒரு ஒக்கோனோமியாக்கிக் கடை, நம் அடை மாதிரிக் கல்லில் சுடுவது. கடைக்காரரைத் 'தாய்ஷோ' என்றுதான் கூப்பிடுவோம், இங்கே அது வழக்கம். எழுபதை நெருங்கிய மனிதர். நான் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்துகொண்டு, எனக்கு மட்டும் முட்டைக்கோஸும் இறாலும் போட்டுச் சுடுவார். அதற்காகக் கரண்டியைத் தனியாகக் கழுவிவைப்பார். சுவரில் அரிசிக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்கும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அந்தத் தேதிக் கட்டத்தில் வென்றால் வெற்று வட்டம், தோற்றால் நிரப்பிய வட்டம் போடுவார். மற்ற மாதங்களில் பேனாவால், ஆகஸ்டில் மட்டும் பென்சிலால். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். என் அரைகுறை ஜப்பானிய மொழிக்குத் தகுந்தாற்போல் மெதுவாகச் சொன்னார்: "ஆகஸ்டில் நடப்பது எதுவும் இன்னும் நடக்கவில்லை." செப்டம்பர் முதல் தேதியன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் வட்டங்களின் மேல் ஒவ்வொன்றாகப் பேனாவை ஓட்டுவார்.

இது மூடநம்பிக்கை என்கிறீர்கள். நேற்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள், அதில் ஒருவர் வாகனம் வாங்கினால் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுகிறவர். நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்கிறோமா? 'போய்வருகிறேன்' என்கிறோம். பிள்ளை பிறக்கும் முன் தொட்டில் வாங்கி வைக்கிறோமா? அது பயம் அல்ல, ஒரு பணிவு. நடக்காததை நடந்ததாகப் பேசக்கூடாது என்கிற நாக்கின் ஒழுக்கம்.

நீங்கள் நம்பாவிட்டால் ஒக்காடாவைப் பாருங்கள். 13 ஆட்டங்களைப் பறிகொடுத்த அதே மனிதர், 15 ஆண்டுகள் கழித்து 2023இல் திரும்பிவந்தார். சீசன் முழுக்க 'பட்டம்' என்ற சொல்லை வாயிலிருந்து விடவில்லை. 'அரே' என்றே சொன்னார். ஜப்பானிய மொழியில் 'அது' என்று அர்த்தம். 'அதை' நோக்கிப் போகிறோம், 'அது' வந்தால் பார்ப்போம். ஒசாகா முழுக்க 'அது' என்றே பேசியது. கடைசியில் அந்த ஆண்டின் சிறந்த சொல்லாகவே 'அரே' தேர்வானது. செப்டம்பர் 14, கோஷியெனில், ஜயன்ட்ஸுக்கு எதிராக 'அது' வந்தது, 18 ஆண்டுகளுக்குப் பிறகு. நவம்பரில், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் சீரீஸும் கிடைத்தது, 1985க்குப் பிறகு முதல்முறை. வாயை மூடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நண்பர் ஒருவர் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அமாகசாகிக் கடைவீதியில் சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஒரு பந்துகூட வீசப்படாதபோதே, 'ஜப்பானிலேயே முதல் மேஜிக் எண்' என்று 143ஐப் பலகையில் ஏற்றி விழா எடுக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வீர்கள் என்று. அது வேறு. அது வேண்டுதல், கேக் தீர்ப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை.

இன்னொருவர் கர்னல் சாண்டர்ஸை, அதுதான் கே.எஃப்.சி. கடை வாசலில் நிற்கிற தாத்தா சிலையை, கொண்டுவந்தார். யாராவது கொண்டுவந்தே தீரவேண்டும் போலிருக்கிறது. 1985இல் பட்டம் வென்ற கொண்டாட்டத்தில் ரசிகர்கள் சிலையை ஒசாகாவின் டோத்தன்போரி கால்வாயில் தூக்கிப்போட்டார்கள், 2009இல் கண்ணாடியும் இடது கையும் இல்லாமல் எடுத்தார்கள், அதனால் அணிக்குச் சாபம் என்று கதை. இந்த அணியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது இந்த ஒரு கோழிக்கடைக் கதைதான். 1985 ஆகஸ்ட் 12 தெரியுமா? அன்று மலையில் மோதிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இறந்த 520 பேரில் டைகர்ஸ் நிறுவனத்தின் தலைவரும் ஒருவர். அணி அப்போது அந்த ஆகஸ்டுப் பயணத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டுப் பட்டத்தைக் கொண்டாடியவர்கள் எதைத் தாண்டி வந்து கொண்டாடினார்கள் என்று தாய்ஷோ எனக்குச் சொல்லியிருக்கிறார். கேக் விஷயத்தில் இதை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. இழுத்துவிட்டேன்.

"நீங்கள் என்ன ஜப்பானியரா?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

உண்மையில் எனக்கு வலித்தது சிரிப்பு அல்ல. 2018இல் டைகர்ஸ் கடைசி இடம். ஆறில் ஆறாவது. அந்தக் கோடையில் எத்தனை முறை இந்தக் குழுவில், 'வியாழன் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இருக்கிறது, யார் வருகிறீர்கள்?' என்று கேட்டிருப்பேன். பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள், இன்னும் இருக்கும். ஒருவருக்குக் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு, ஒருவருக்கு வெயில், இரண்டு பேர் பதிலே போடவில்லை. தனியாகத்தான் போனேன். பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போது யாரும் கேக் கொண்டுவரவில்லையே, தம்பி?

தாய்ஷோ 2021 குளிர்காலத்தில் போய்விட்டார். 'அது' வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. 2023 செப்டம்பர் 14 இரவு நான் கடைவீதிக்குப் போனேன். அவருடைய கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் விற்கிறார்கள். வெளியே பாட்டும் கூச்சலும். நான் அந்தக் கடையின் இழுகதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆளில்லாத கதவைப் பார்த்துத் தலை வணங்கிவிட்டு வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

வீட்டுப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரே ஒரு வரிதான் சொன்னாள். "குழந்தைகள் எல்லாம் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்." இதற்கு நான் இரண்டு நாளாகப் பதில் யோசிக்கிறேன். வயதில் மூத்தவர் வெட்டட்டும் என்று கத்தியை என் கையில் கொடுத்தது தம்பியின் மரியாதை என்று அவள் சொல்கிறாள். அந்தப் புகைப்படத்தை ஓரம் வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தால் என் மகள் தெரிவாள். அவள் கேக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சரி. குழந்தைகள் விஷயத்தில் தவறு என்னுடையதுதான். கேக் விஷயத்தில் இல்லை.

மகளுடைய பங்கை மனைவி ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வார்த்தையின் கடைசி எழுத்து அதன்மேல் முழுசாக வந்திருக்கிறது. நேற்று மகள், "எப்போது சாப்பிடலாம் அப்பா?" என்று கேட்டாள். "'அது' வந்த பிறகு" என்றேன். "எது?" என்றாள். நாள்காட்டியைக் காட்டினேன். எங்கள் வீட்டு நாள்காட்டியிலும் வட்டங்கள் உண்டு, பென்சில்தான். இன்றைய கட்டத்தை அவள் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆறு மணிக்கு ஆட்டம். கருத்துப் பெட்டியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், திட்டுவதானால் திட்டுங்கள். அந்த வார்த்தையை மட்டும் யாராவது எழுதினால் நீக்கிவிடுவேன்.