எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்த்தும் போன்

அருங்காட்சியகங்களில் ஏ.ஆர். (போன் கேமராவில் தெரியும் பொருளின் மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் நுட்பம்) வந்துவிட்டால் கூட்டம் தானாக வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வரலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் விளக்கு பளபளத்தாலோ, அறை இருட்டாக இருந்தாலோ கேமரா தடுமாறும். படம் ஆடும், நழுவும். போன மாதம் பிள்ளைகளோடு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஆப் இறங்குவதற்குள் சின்னவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்!

அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 2015-ல் செய்தது வேறு மாதிரி. 1881-ல் திறந்த பழைய எலும்புக்கூடுகள் கூடத்தில் போனை நீட்டினால், எலும்பின் மேல் சதையும் தோலும் ஏறி விலங்கு அசைந்தது. எழும்பூர் மியூசியத்துத் திமிங்கல எலும்புக்கூட்டுக்கு இப்படி ஒன்று செய்யட்டும், காசிமேட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். கடலில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகள் இல்லையா.

அப்புறம் எங்கள் ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு பக்கம் கிளம்பிய இடம். தூண்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே போனைத் தூக்கினால் அந்த நீராவி வண்டி புகை கக்கிக்கொண்டு வரவேண்டும். சரி, வாசலில் நாலைந்து டேப்லெட்டும் இலவசமாகக் கொடுங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் பழைய போன்தான்.