எதுகையைக் கடைசியில் தேடினால் எப்படி?

‘அடிகள் ஒரே ஒலியில் முடியாததால் குறளில் எதுகையே இல்லை, ஓசையும் துள்ளல்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. கடைசியில் ஒன்றுவது இயைபு. எதுகையை முதல் சீர்களின் இரண்டாம் எழுத்தில் பார்க்கணும்.

391ஆம் குறளையே எடுங்க:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

கற்க, நிற்க: ‘ற்’ எதுகை. முதலடி நான்கு சீரும் ‘க’வில் தொடங்குவதால் முற்றுமோனை வேற. (வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, வல்லினம் நாக்கில் இடிக்கும்.) இரண்டாமடி மூன்றே சீர், கடைசியில் ‘தக’, மலர் வாய்பாடு (அதாவது ‘மலர்’ என்ற சொல்லின் அசையமைப்பு). நாலாவது சீரை எதிர்பார்க்கும் காது அங்கே சட்டென நிற்கும். அந்தக் கட்டளைத் தொனிக்கு இந்த வெட்டும் ஒரு காரணம்.

துள்ளல் ஓசை கலிப்பா என்ற பாவகைக்கு. இது குறள் வெண்பா, ஓசை செப்பல், அதாவது ஒருவர் சொல்வது போன்ற ஓசை.