நீக்குவதும் பராமரிப்புதான்

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் நிரலாளர்கள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் "அவர் பேசியதில் என்ன தவறு, உள்ளதைத்தானே சொன்னார்" என்று எனக்கு வந்துகொண்டே இருக்கும் செய்திகளைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பற்றி மேடையில் ஒருவர் சொன்னது இது: "பைத்தானைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வேலைவெட்டி கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்." அந்தப் பேச்சுக்குத்தான் அரங்கமே கை தட்டியது. தட்டியவர்களில் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்காரவைத்து வேலை கற்றுக்கொடுத்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேசியவரின் பெயரை எழுத மாட்டேன். இத்தனை வருடமாக அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய வாடிக்கையாளரான திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆர்டர் பக்கம் ஒரு காலையில் திறக்கவில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் அப்படி நடந்தால் போனில் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்த வேதனை உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் உண்மையல்ல.

நடந்தது இவ்வளவுதான். சர்வரின் இயங்குதளத்தை டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாற்றியிருக்கிறார்கள். 12-இல் இருப்பது பைத்தான் 3.11. 13-இல் வருவது பைத்தான் 3.13. அந்த ஆர்டர் படிவத்தின் நிரல் எடுத்த எடுப்பிலேயே 'சிஜிஐ' என்ற மாட்யூலை, அதாவது படிவத்தில் நிரப்பியதைப் படித்துத் தர பைத்தானோடு கூடவே வந்த ஆயத்த நிரலை, அழைக்கிறது. 3.13-இல் அந்த மாட்யூல் இல்லை. அழைத்த இடத்திலேயே நிரல் நின்றுவிட்டது.

பிழைகள் பதிவாகும் தன் எரர் லாக்கை அவர் திரையில் காட்டினார், நினைவிருக்கிறதா? எல்லோரும் கடைசி வரியில் இருந்த பிழையைப் பார்த்தீர்கள். நான் அதற்கு மேலே இருந்ததைப் படித்தேன். திரை கொள்ளும் மட்டும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. இந்த மாட்யூல் வழக்கொழிகிறது, 3.13-இல் நீக்கப்படவிருக்கிறது என்ற எச்சரிக்கை அது. யாரோ திருப்பூரில் அந்தப் படிவத்தைத் திறந்த ஒவ்வொரு முறையும் அந்த மொழி தன்னால் முடிந்த வரைக்கும் கத்திச் சொல்லியிருக்கிறது. எந்தப் பதிப்பில் நீக்குவோம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் அவர்கள்? கோவைக்கு வந்து கதவைத் தட்ட வேண்டுமா?

இதைச் சொல்லத்தான் எழுந்தேன். "அம்மணி, உட்காருங்கள். சாப்பாடு ஆறிவிடும்" என்றார் மேடையிலிருந்து. சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

நீக்குவதும் பராமரிப்புதான். ஒரு மொழியைப் பராமரிப்பது என்றால் புதிதாக எதையாவது சேர்த்துக்கொண்டே போவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சேர்த்த ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் சுமக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க வேண்டும், பிழை வந்தால் பார்க்க வேண்டும், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். சுமப்பதற்கு ஆளில்லாத ஒன்றை மொழிக்குள்ளேயே வைத்திருந்தால் அது இருக்கிறது என்று நம்பி நீங்கள் கட்டடம் கட்டுவீர்கள். அது இன்னும் பெரிய துரோகம்.

இதை ஒரே இரவில் செய்துவிடவும் இல்லை. பைத்தானில் செய்யும் மாற்றங்களுக்கான முன்மொழிவுகளைப் பெப் என்பார்கள். பழைய மாட்யூல்களை நீக்கச் சொல்லும் பெப் 594 என்ற முன்மொழிவு 2019-இல் எழுதப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டது 2022 மார்ச்சில். அந்த அக்டோபரில் வந்த 3.11-இல் எச்சரிக்கை தொடங்கியது. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல்தான் நீக்கினார்கள், 19 மாட்யூல்களை. முதல் பேச்சிலிருந்து நீக்கம் வரை ஐந்து வருடம். 'சிஜிஐ' மாட்யூலின் வடிவமைப்பிலேயே கோளாறு, அதைத் திருத்துவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று அந்த முன்மொழிவே காரணம் சொல்கிறது.

அந்த முன்மொழிவை முழுக்கப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எல்லாவற்றையும் வெட்டித் தள்ளவில்லை. ஒலிக் கோப்புகளைக் கையாளும் 'வேவ்' என்ற மாட்யூலை விட்டுவைத்தார்கள். ஏன் தெரியுமா? அந்தக் கோப்பு வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். கணினியை வைத்து எப்படிச் சத்தம் எழுப்புவது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது பயன்படுகிறது என்பது இன்னொரு காரணம். இதை எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு வகுப்பறையில் ஒரு குழந்தை விளையாடுவதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்தவர்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று மேடை போட்டுச் சொல்கிறோம்.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

"அந்த எச்சரிக்கை எல்லா இடத்திலும் தெரிவதில்லையே" என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நேரடியாக ஓட்டும் நிரலில் தெரியும். அது அழைக்கும் வேறு மாட்யூலுக்குள் இருந்தால், நாமாக எச்சரிக்கையைத் திறந்துவைக்காத வரை தெரியாது. ஆனால் அண்ணனின் லாக்கில் தெரிந்ததே! கண்ணெதிரே பெரிதாக்கிக் காட்டினாரே!

"பெர்ல் ஆக இருந்தால் இப்படி நடந்திருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெர்ல் மொழியும் தன்னுடைய சிஜிஐ மாட்யூலை மூலத் தொகுப்பிலிருந்து 2015-இல் வந்த 5.22 பதிப்பிலேயே வெளியே எடுத்துவிட்டது. பைத்தானுக்கு ஒன்பது வருடம் முன்பே.

"எங்களை ஏன் மாறச் சொல்கிறார்கள்?" யார் சொன்னார்கள்? 'சிஜிஐ' இன்னும் இருக்கும் பைத்தான் 3.12-க்கு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். டெபியன் 12-க்கும் நீண்டகால ஆதரவு 2028 வரை இருக்கிறது. டெபியன் 13-இலேயே இருக்க வேண்டும் என்றால் 'லெகசி சிஜிஐ' என்று தனியாக ஒரு தொகுப்பு கிடைக்கிறது. அதையும் யாரோ ஒரு புண்ணியவான்தான் எடுத்துப் பராமரிக்கிறார். நிறுவிவிட்டால் பழைய நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அன்றைக்கே அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் இது.

பைத்தான் 2-இலிருந்து 3-க்கு மாறிய கதையை இழுக்காதீர்கள். அது வேறு வழக்கு. 2008-இல் 3 வந்தது, 2-ஐ நிறுத்துவதற்கு முதலில் 2015 என்றார்கள், பிறகு நமக்காகவே 2020 வரை தள்ளிப்போட்டார்கள்.

"அவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றனவே" என்பதுதான் அடிக்கடி வரும் பேச்சு. சிலருக்குக் கொடுத்தன. பைத்தானை வேகப்படுத்துவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு குழுவை வைத்திருந்தது. 2025 மே மாதம் அந்தக் குழுவில் பலரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. மற்றவர்களில் பலர் தங்கள் வேலை முடிந்த பிறகு, குழந்தை தூங்கிய பிறகு, இரவில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள்.

"நீ என்ன செய்து கிழித்தாய்" என்று கேட்டவருக்கும் பதில் சொல்கிறேன். நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பைத்தானின் ஆவணத்தில் ஒரு எடுத்துக்காட்டு பழைய விடையைக் காட்டிக்கொண்டிருந்தது, அதைத் திருத்தி அனுப்பினேன். நம் ஊரில் நிரல் எழுதும் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. முகம் தெரியாத ஒருவர் அதைப் பொறுமையாக வரிவரியாகப் பார்த்தார். விண்டோஸிலும் இதே விடை வருகிறதா என்று கேட்டார். பழைய பதிப்பைப் படிப்பவர் இதைப் பார்த்தால் குழம்புவாரா என்று கேட்டார். எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. ஒரு காற்புள்ளியை வேறு இடத்தில் போடச் சொல்லி, ஏன் என்று காரணமும் எழுதியிருந்தார். கடைசியில் நன்றி சொன்னார். எனக்கு! இத்தனை வருடம் அந்த மொழியை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அவர் எனக்கு நன்றி சொல்கிறார். இந்த மாதிரி மனிதர்களைத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மில்லில் ஃபிட்டர். கோவையில் பலருடைய அப்பாக்களைப் போல. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடும் வரைக்கும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட் என்று பார்க்காமல் ஆள் அனுப்புவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுப்பார். ஒரு பழைய ஃபிரேம் இருந்தது. உதிரி பாகம் கிடைக்காது, எங்கேயாவது வாங்கிப் பொருத்தினாலும் ஆட்டம் நிற்காது. இதை எடுத்துவிடுங்கள், ஒருநாள் யாராவது பெண்பிள்ளையின் கையைப் பிடித்துவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் எடுத்தார்கள். அந்த மாதம் உற்பத்தி குறைந்தது. "ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொன்னவன்" என்று சூப்பர்வைசர் ஆட்கள் முன்னால் வைத்துப் பேசினார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. விரலிடுக்கில் கிரீஸ் போகவே போகாது அவருக்கு, அந்தக் கையைத் தட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு முறை ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

அந்த ஃபிரேமைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர்தான். அதை எடுக்கச் சொல்லும்போது அவருக்கு மட்டும் வலிக்காமலா இருந்திருக்கும்? அந்தக் கைத்தட்டலைக் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பராமரிப்பவர்களைத் திட்டுவது புதிதல்ல. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம், 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பெப் 572 என்ற ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்காக நடந்த சண்டை அது. இனி ஒரு முன்மொழிவுக்காக இப்படிப் போராடி, இத்தனை பேருடைய வெறுப்பையும் வாங்கிக்கொள்ள விரும்பவில்லை என்ற பொருளில் எழுதிவிட்டுப் போனார். மொழியைப் பெற்றவருக்கே அந்த நிலைமை. அதன் பிறகு ஐந்து பேர் கொண்ட வழிகாட்டும் குழுவைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். திட்டு ஐந்தாகப் பிரிகிறது, குறையவில்லை.

இது பைத்தானோடு நிற்கவும் இல்லை. எக்ஸ்இசட் விவகாரம் மறந்துவிட்டதா? லினக்ஸ் சர்வர்களில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். லாஸே கொலின் என்ற ஒரே மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். மனநலப் பிரச்சினை இருக்கிறது, முன்போல முடியவில்லை என்று 2022-இல் அவரே சொன்னார். ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று விரட்டினார்கள். உதவ வந்தவர் போல ஒருவர் உள்ளே வந்து நம்பிக்கை பெற்று, 2024-இல் சர்வர்களுக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்தார். விரட்டியவர்களும் அந்தச் சதியில் சேர்த்திதான் என்று பலரும் சந்தேகிக்கிறார்கள். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் உலகம் பிழைத்தது. இதில் எனக்குப் பயமாக இருப்பது ஒன்றுதான். அந்த விரட்டல் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. பராமரிப்பவரை எல்லோரும் எப்போதும் அப்படித்தான் பேசுகிறோம், அதனால் சதிகாரனின் குரல் தனியாகக் கேட்கவில்லை.

எதிர்ப்பே சொல்லக் கூடாது என்கிறேனா? இல்லை. தாராளமாகச் சொல்லுங்கள், ஆதாரத்தோடு சொல்லுங்கள். 3.13 வெளிவரச் சில நாட்களே இருந்தபோது, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் புதிய முறை சில நிரல்களை மெதுவாக்குகிறது என்று அளந்து காட்டினார்கள். அந்தப் புதிய முறையை எடுத்துவிட்டு, வெளியீட்டை அக்டோபர் 1-இலிருந்து 7-க்குத் தள்ளிவைத்தார்கள். கேட்கிறார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னால் கேட்கிறார்கள். நாம் ஐந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு, நீக்கிய பிறகு மேடை ஏறுகிறோம்.

அவிநாசி சாலையில் இருந்து சரவணம்பட்டி வரை எத்தனை கம்பெனிகள் பைத்தானை வைத்துச் சம்பாதிக்கின்றன! எத்தனை கட்டடம் எழும்பியிருக்கிறது! வருடத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு ஆளை, அடுத்த பதிப்பின் சோதனை வெளியீடான பீட்டாவில் நம் நிரல் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லும் கம்பெனி எது? எனக்குத் தெரிந்து என் அலுவலகத்தில்கூட யாரும் சொல்வதில்லை, நானாகச் செய்கிறேன். காசு கேட்கவில்லை. கும்பிடு போடச் சொல்லவில்லை. லாக்கில் வரும் வரியைப் படியுங்கள் என்கிறேன். அதைப் படிக்காதவர், எழுதியவரைத் திட்டக் கூடாது என்கிறேன். இது அதிகமா?

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த ஆர்டர் படிவத்தின் நிரலை எனக்கு அனுப்புங்கள். 'சிஜிஐ' இல்லாமல் ஓடும்படி நான் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். ஆனால் மேடையில் சொன்ன அந்தச் சொல்லை மேடையிலேயே திரும்பப் பெறுங்கள். தனியாக எனக்குப் போன் செய்து "விடு அம்மணி" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

மற்றவர்களுக்கு: உங்கள் பழைய நிரல்களை எச்சரிக்கைகள் முழுவதும் திறந்த நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வருவதை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் பதிப்பில் எது போகிறது, பதிலுக்கு எதைப் பயன்படுத்தலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.