பாட்டிலில் மரப் படம் வேண்டாம், சாறு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்

சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுபானம். பிரிட்டனில் அந்தப் பெயரில் விற்கும் பானத்தில் ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாறு 35 சதவீதம் இருந்தால் போதும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மீதியைத் தண்ணீராலும் சர்க்கரையாலும் நிரப்பலாம். அந்த 35 சதவீதமும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் அடர்சாறாக இருக்கலாம். பாட்டிலின் மேலே மட்டும் காய்த்துக் குலுங்கும் ஆப்பிள் தோட்டம். வேர்த் மேட்ராவர்ஸில் சைடர் குடித்த நாளிலிருந்து இந்தப் படங்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தென் இங்கிலாந்தின் டார்செட் கடற்கரைக்கு மேலே, சுண்ணாம்புக்கல் வீடுகள் கொண்ட சிற்றூர் அது. அங்கே 'ஸ்குயர் அண்ட் காம்பஸ்' என்ற பப்பை 1907 முதல் நியூமன் குடும்பம் நடத்திவருகிறது. மூலைமட்டமும் கவராயமும் கல்தச்சர்களின் கருவிகள். அந்தப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லான பர்பெக் கல்லை வெட்டியெடுத்தவர்கள் தாகம் தணித்துக்கொண்ட இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. உள்ளே நீண்ட கவுண்டர் கிடையாது. கல் பாவிய குறுகிய நடையில் வரிசையாக நிற்க வேண்டும். சுவரில் ஒரு திறப்பு, அதன் பின்னே பீப்பாய்கள். நடை அவ்வளவு ஒடுக்கம் என்பதால் முன்னால் நிற்பவரோடு பேசாமல் இருக்க முடியாது. மலைமுகடு வழியே நடந்து வந்த சேற்றுக் காலணிக்காரர்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். சாப்பிட, மாவுக்குள் இறைச்சியோ காய்கறியோ அடைத்துச் சுட்ட பேஸ்டி. பக்கத்து அறையில் குடும்பம் சேர்த்துவைத்த புதைபடிவங்கள். வெளியே கல்லிலேயே மேசைகள், அதற்கப்பால் கடல்.

சைடர் அவர்களே பிழிந்தது. கண்ணாடிக் கோப்பையில் கலங்கலாக இருந்தது; நுரை இல்லை. முதல் வாயில் புளிப்பு, விழுங்கிய பிறகு நெல்லிக்காய் கடித்ததுபோல் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. சைடருக்கென்றே வளர்க்கும் டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்ற ரகங்களைப் பச்சையாகத் தின்ன முடியாது. அந்தத் துவர்ப்புதான் சைடரின் சுவைக்குக் கனம் தருகிறது. இலையுதிர் காலத்தில் பழம் சேர்த்து, அரைத்து, கூழைத் துணியில் மடித்து அடுக்கடுக்காக வைத்துப் பிழிவதுதான் பழைய முறை. பிறகு பழத்தோடு வந்த ஈஸ்ட்டே குளிர்காலம் முழுவதும் பீப்பாய்க்குள் வேலை செய்யும். ஆண்டுக்கு ஒரு பருவம்தான். விளைச்சல் குறைந்தால் சைடரும் குறையும். அடர்சாற்றில் ஓடும் ஆலைக்கு இந்தக் கவலையே இல்லை.

என் கோபம் ஆலைகள் மீது மட்டுமல்ல, வரி முறை மீதும்தான். ஒரே அளவு போதையுள்ள பீருக்கு விதிக்கும் வரியைவிடச் சைடருக்கு வரி குறைவு. தோட்டங்களைக் காக்கத்தான் இந்தச் சலுகை என்றால் நானும் கை தட்டுவேன். ஆனால் நூற்றுக்கு 65 பங்கு ஆப்பிளே இல்லாத பானமும் அதே சலுகையை அனுபவிக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்? ஆண்டுக்கு 7,000 லிட்டருக்கு மிகாமல் தயாரிப்பவர்களுக்கு வரியே இல்லை என்ற விலக்கு 1976 முதல் இருக்கிறது. அது அருமையான ஏற்பாடு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த 2015-இல், அதை நீக்கும்படி ஐரோப்பிய ஆணையம் சொன்னபோது மேற்கு இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது, விலக்கு தப்பியது. கொல்லையில் நாலு மரம் வைத்திருப்பவர் பழத்தை அழுகவிடாமல் பிழிவதற்கு அந்த விலக்கும் ஒரு காரணம்.

அதைத் தொடவே கூடாது. கை வைக்க வேண்டியது 35 சதவீதத்தில். குறைந்த வரி வேண்டுமென்றால் பெரும்பங்கு சாறு இருக்கட்டும். இல்லையென்றால் பீருக்குரிய வரியைக் கட்டட்டும். அதற்கு அரசு தயங்கினாலும், சாறு எத்தனை சதவீதம், புதிதாகப் பிழிந்ததா அடர்சாறா என்ற இரண்டு விவரங்களையாவது பாட்டிலின் முன்பக்கத்தில் அச்சிட வைக்கலாம். நியூமன் குடும்பத்தின் பீப்பாய்க்கு அந்த லேபிள் தேவைப்படாது. சூப்பர் மார்க்கெட் அலமாரிக்குக் கட்டாயம் தேவை.